புதிய பையும் பழைய குடலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குச் சோம்பலே காரணம் என்றிருந்தேன். இரத்தத்தில் அமிலம் கூடியிருந்ததுதான் காரணம் என்று பிறகே தெரிந்தது.

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, என் சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டரை வெட்டியெடுத்துப் புதிய பையாகத் தைத்து வைத்ததை முன்பே எழுதியிருந்தேன். புண் ஆறிவிட்டது. ஆனால் நான்காம் மாதம் சோறு இறங்கவில்லை, காபியின் வாசனையே குமட்டியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரத்தப் பரிசோதனையில், அமிலத்தை அடக்கும் உப்பான பைகார்பனேட் 16 என்று வந்தது; 22க்குக் கீழே போகக் கூடாதாம். குடலை எங்கே கொண்டுபோய்த் தைத்தாலும் உறிஞ்சுகிற வேலையை அது விடுவதில்லை என்றார் மருத்துவர். சிறுநீரகம் வெளியே தள்ளிய, அமிலத்தைச் சுமந்துவரும் அம்மோனியத்தையும் கூடவே குளோரைடையும் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு, அமிலத்தை அடக்கவேண்டிய பைகார்பனேட்டை வெளியே விட்டுவிடுகிறது. சிறுநீர் தேங்கும் நேரம் கூடக் கூட இதுவும் கூடுகிறது. இரவில் ஆறு மணி நேரம் எழாமல் உறங்குகிறேன் என்று உன்னிடம் பெருமை பேசினேன் அல்லவா, அதுவே வினையாகியிருக்கிறது. இப்போது 1 மணிக்கும் 4 மணிக்கும் அலாரம் வைத்து எழுகிறேன்.

மருந்தோ சோடியம் பைகார்பனேட் மாத்திரை, அதாவது அம்மா மாவில் போட்ட அதே ஆப்பசோடா! புதிய பை வழியாக உப்பும் வெளியேறுகிறது என்பதால், இரத்த அழுத்தத்துக்காக 15 ஆண்டுகளாக உப்பைக் குறைத்து வந்த என்னை மோரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள். என் மனைவி நம்பாமல் தொலைபேசியில் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே உப்பு ஜாடியைத் திறந்தாள்.

அமிலத்தைக் கவனிக்காமல் விட்டால் அதை ஈடுகட்ட எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையும். வைட்டமின் பி12 உறிஞ்சப்படும் இடமும் அந்தக் கடைக்குடல்தான். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைவு தாமதமாகத்தான் தெரியுமாம், எனவே ஆண்டுதோறும் அதையும் பார்க்க வேண்டும்.

உன் மைத்துனருக்கு அடுத்த மாதம் இதே அறுவை என்று எழுதியிருந்தாய். அவருடைய சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல். அது தளர்ந்திருந்தால் இந்த அமிலச் சுமையைத் தாங்காது, பை வைக்காமல் வயிற்றில் துளையிட்டுச் சிறுநீரை வெளியேற்றும் முறையே மேல் என்பார்கள். தயங்காமல் என்னைக் கூப்பிடட்டும். இரவு 1 மணியானாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்