அரக்கு ஜெர்சி, நீல ஜெர்சி: பிரிஸ்பேன்ல இருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்க நான் நல்லா இருக்கேன். சித்தியோட முட்டி வலி எப்படி இருக்கு, அந்த தைலம் தீர்ந்துபோச்சுன்னா சொல்லுங்க, ஊருக்கு யாராவது வர்றப்ப குடுத்து விடுறேன். போன்ல சாப்டியா, குளிருதா, எப்ப வர்றன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள சித்தி போனை வாங்கிடுறாங்க, அதனால நீங்க போன வாரம் கேட்டதுக்கு உக்காந்து டைப் பண்ணியே அனுப்புறேன், கொஞ்சம் நீளமா போகும், கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா படிங்க. குளிரெல்லாம் இல்ல, நவம்பர்ல இங்க வெயில் காலம் ஆரம்பம், சாயங்காலமானா இடியும் மழையும்.

நான் அனுப்புன ரக்பி வீடியோல ஒருத்தன் பந்தை கக்கத்துல இடுக்கிக்கிட்டு நாலு பேரை இழுத்துக்கிட்டே ஓடுறானே, அவன் யாருடா, கபடிக்கு வருவானான்னு கேட்டீங்கல்ல. அவன் பேரு டனியேலா டுபோ. டோங்கா தீவுல பிறந்தவன், நியூசிலாந்துல ஸ்கூல் படிச்சான், அங்க 2014-ல ஸ்கூல் மேட்ச்ல ஓடுன வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, அதுக்கப்புறம் அவன் வந்து சேந்தது நான் இருக்குற இதே பிரிஸ்பேனுக்கு. எடை 130 கிலோவுக்கு மேல, டோங்கன் தோர்னு பட்டப்பேரு. குயின்ஸ்லாந்து ரெட்ஸ்க்கு, அதாவது பிரிஸ்பேன் இருக்குற இந்த ஸ்டேட்டோட டீமுக்கு, பல வருஷம் ஆடுனான், 2024-ல மெல்போர்ன் ரெபெல்ஸ்க்கு போனான், அந்த டீமை காசு இல்லாம அதே வருஷம் மூடிட்டாங்க, 2025-ல நியூ சவுத் வேல்ஸ் வாராட்டாஸ்க்கு, அதாவது சிட்னிக்காரங்களுக்கு ஆடுனான், இப்ப பிரான்ஸ்ல ரேசிங் 92-னு ஒரு கிளப்புக்கு போயிட்டான். கபடிக்கெல்லாம் வர மாட்டான் சித்தப்பா, நம்மகிட்ட அவ்ளோ காசு இல்ல.

அந்த ஒரு ஆளு டீம் மாறுன கதையை வச்சு எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு வருஷமா சண்டை நடக்குது. காலைல ஸ்மோகோன்னு ஒரு டீ பிரேக் உண்டு, லாரி பிரேக்கை கழட்டி அப்படியே போட்டுட்டு கைய தொடச்சுக்கிட்டு எல்லாரும் ஒரு தகர ஷெட்ல உக்காருவோம். இங்க ஃபோர்மேனைக்கூட பேர் சொல்லித்தான் கூப்பிடணும், அண்ணே சார்னு ஒண்ணும் கிடையாது, எனக்கு இன்னும் அது நாக்குல வரல. கியர்பாக்ஸ் பாக்குற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அறுபது தாண்டியாச்சு, பிரிஸ்பேனை விட்டு வேற எங்கயும் குடியிருந்ததே இல்ல. டயர் செக்‌ஷன்ல ஒரு சிட்னிக்காரன், பொண்டாட்டி ஊருன்னு இங்க வந்து மாட்டிக்கிட்டவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறது டோங்காக்கார அண்ணன், அவருக்கு டுபோ எந்த ஜெர்சி போட்டாலும் ஓகேதான், அவன் எங்க ஆளுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டு பன்னை கடிக்க ஆரம்பிச்சிடுவாரு.

இங்க ரக்பி ரெண்டு வகை. 13 பேர் ஆடுறது லீக், 15 பேர் ஆடுறது யூனியன், டுபோ ஆடுறது இதுதான். லீக்லதான் காசும் கூட்டமும், யூனியன் பெரிய பெரிய ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க ஆட்டம்னு ஒரு பேச்சு, அதுல டோங்கா, சமோவா, ஃபிஜி பசங்க வந்து இப்ப நிலைமை ரொம்ப மாறிடுச்சு. ரெண்டுலயும் குயின்ஸ்லாந்துக்கு அரக்கு கலர், நியூ சவுத் வேல்ஸுக்கு நீலம். இந்த ரெண்டு ஸ்டேட்டும் 1882-லயே ரக்பி ஆடி சண்டை போட ஆரம்பிச்சாச்சு.

பெரியவர் டுபோ பேச்சை எடுத்தாலே நேரா 1980-க்கு போயிடுவாரு. அதுக்கு முன்னாடி லீக்ல என்ன நடந்துச்சுன்னா, சிட்னி கிளப்புங்ககிட்ட போக்கர் மெஷின் வருமானம் கொட்டுச்சு, அது சூதாட்ட மெஷின், அப்ப குயின்ஸ்லாந்துல அதுக்கு அனுமதி இல்ல. அதனால இங்க நல்லா ஆடுற பையனையெல்லாம் சிட்னி கிளப் காசு குடுத்து தூக்கிட்டு போயிடும். சரி போகட்டும்னா, ஸ்டேட் மேட்ச் வந்தா எந்த ஸ்டேட் கிளப்ல ஆடுறானோ அந்த ஸ்டேட்டுக்குத்தான் ஆடணும்னு ரூல். அதாவது இவங்க பெத்து வளத்த பையனே நீல ஜெர்சி போட்டுக்கிட்டு இவங்க மேலயே வந்து மோதுவான். இருபது வருஷமா குயின்ஸ்லாந்து ஒரு சீரிஸ்கூட ஜெயிக்கல, பாக்க கூட்டமும் வரல. அப்புறம்தான் 1980 ஜூலை 8-ஆம் தேதி இங்க லாங் பார்க்ல ஒரு மேட்ச்சுக்கு மட்டும் ரூலை மாத்தி, எங்க ஆடுனாலும் பிறந்து வளந்த ஸ்டேட்டுக்கு வான்னாங்க. ஆர்தர் பீட்சன்னு ஒருத்தர், ரோமாங்கற குயின்ஸ்லாந்து ஊர்ல பிறந்தவர், நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடுனவர், அப்ப 35 வயசு, ஆட்டமெல்லாம் முடிஞ்ச ஆளு, அவரை கேப்டனா போட்டாங்க. தன்னோட சொந்த கிளப் ஆளையே அன்னைக்கு கைநீட்டி அடிச்சாருன்னு இன்னைக்கும் கதை ஓடுது. 20-10-னு குயின்ஸ்லாந்து ஜெயிச்சுது. பெரியவர் அன்னைக்கு அப்பாகூட போயிருந்தாராம், இதை சொல்றப்ப மட்டும் டீயை கீழ வச்சிடுவாரு. அதுதான் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின், இப்ப வருஷத்துக்கு மூணு மேட்ச், அன்னைக்கு ராத்திரி பிரிஸ்பேன் ரோட்டுல ஆளே இருக்காது.

சிட்னிக்காரன் விடுவானா. பிறந்த ஊர்னா கிரெக் இங்லிஸ் யாருன்னு கேப்பான். இங்லிஸ் நியூ சவுத் வேல்ஸ்ல கெம்ப்சில பிறந்த ஆளு, ஆனா பெரியவங்க ஆட்டம் முதல்ல பிரிஸ்பேன்ல ஆடுனான்னு சொல்லி குயின்ஸ்லாந்து எடுத்துக்கிச்சு, 2006-ல இருந்து 2013 வரைக்கும் தொடர்ந்து எட்டு சீரிஸ் குயின்ஸ்லாந்து ஜெயிச்சதுல அவன் பங்கு பெருசு. இந்த பேர் வந்தா பெரியவர் திடீர்னு கடியாரத்தை பாப்பாரு. நான் நடுவுல சிரிச்சா ரெண்டு பேரும் என்னை முறைப்பாங்க, உனக்கு கிரிக்கெட் இருக்குல்லம்பாங்க.

ஆள் பலம்னு வந்தா ஆரிஜின்ல ரெண்டு கதை இருக்கு சித்தப்பா, உங்களுக்கு புடிக்கும். 1995-ல லீக்கே ரெண்டா ஒடைஞ்சு சூப்பர் லீக்னு போட்டிக்கு ஒண்ணு கிளம்புச்சு, அதுல கையெழுத்து போட்டவனுக்கு ஆரிஜின்ல இடமில்லன்னாங்க, குயின்ஸ்லாந்துல பெரிய தலைங்க பாதி பேர் பிரிஸ்பேன் பிராங்கோஸ்ங்கற கிளப் ஆளுங்க, மொத்தமா போயிட்டாங்க. மிச்சம் மீதி பசங்களை வச்சு, கோச்சிங்கே பண்ணாத பால் வாட்டின்ங்கறவர் கோச். முதல் மேட்ச் ஸ்கோர் 2-0. அப்படி ஆரம்பிச்சு மூணையும் ஜெயிச்சாங்க. இன்னொண்ணு 2001, ஒண்ணுக்கொண்ணுன்னு சமமா நிக்குது, கடைசி மேட்ச்சுக்கு ஆள் இல்ல, கோச் வெய்ன் பென்னட் இங்கிலாந்துல வாரிங்டன் கிளப்ல ஆடிக்கிட்டிருந்த ஆலன் லாங்கரை சத்தமில்லாம பிளேன் ஏத்தி வரவழைச்சாரு. 34 வயசு, குள்ளமான ஆளு. 40-14. அதை பேசுறப்ப சிட்னிக்காரன் எந்திரிச்சு போயி கப்பை கழுவுவான்.

ஆனா யூனியன்ல இந்த பிறந்த ஊர் ரூல் கிடையாது, எவன் காண்ட்ராக்ட் குடுக்குறானோ அவன் ஜெர்சி. அங்கதான் டுபோ விஷயம் பெரியவருக்கு வயிறு எரியுது. ரெட்ஸ் ஆளா இருந்த நேதன் ஷார்ப் 2006-ல பெர்த்ல புதுசா வந்த வெஸ்டர்ன் ஃபோர்ஸுக்கு போனாரு, சரி அது தூரம், பொறுத்துக்கிட்டாராம். கார்மைக்கேல் ஹன்ட்னு ஒருத்தன், லீக்ல குயின்ஸ்லாந்துக்கே ஆரிஜின் ஆடுனவன், ரெட்ஸ்க்கும் ஆடுனவன், 2019-ல வாராட்டாஸ் நீலத்தை போட்டுக்கிட்டான், அன்னையில இருந்து அவன் பேரையே இவர் சொல்ல மாட்டாரு, அந்த ஆளும்பாரு.

டுபோ ஏன் இவ்ளோ முக்கியம்னா, யூனியன்ல ஸ்க்ரம்னு ஒண்ணு இருக்கு, எட்டு பேரும் எட்டு பேரும் தலையை கோத்து குனிஞ்சு முட்டி தள்ளணும். முன்வரிசை மூணு பேர்ல வலது பக்கம் நிக்கிற 3-ஆம் நம்பர், டைட்ஹெட் ப்ராப்னு பேரு, அவன்மேலதான் மொத்த பாரமும். அந்த இடத்துக்கு பழகாதவனை நிறுத்த முடியாது, கழுத்து போயிடும். மேட்ச்சுக்கு 23 பேர், வெளிய உக்காந்திருக்கிற எட்டு பேர்ல மூணு பேர் முன்வரிசைக்குன்னே இருக்கணும்னு சட்டமே உண்டு. அதனால யூனியன்ல ஒரு டீமுக்கு ஆழம் இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா கோல் போடுறவனை பாக்காதீங்க, ரெண்டாவது மூணாவது ப்ராப் யாருன்னு பாருங்கம்பாரு பெரியவர். இதுல அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ரெட்ஸ்ல 2025-ல ஜெஃப்ரி டூமாகா-ஆலன்னு நியூசிலாந்து அனுபவஸ்தர், கூட சேன் நோங்கர்னு உள்ளூர் பையன், டுபோ போனப்புறமும் வண்டி ஓடுச்சு. சிட்னிக்காரன் பாடுதான் திண்டாட்டம், டுபோ பிரான்ஸுக்கு, இன்னொரு பக்கம் நிக்கிற ஆங்கஸ் பெல்லும் அயர்லாந்துல அல்ஸ்டருக்கு ஒரு சீசன் போயிட்டான்.

வாராட்டாஸ் கதை எனக்கு புரியவே இல்ல சித்தப்பா. ஆஸ்திரேலியாவுலயே அதிகமா ஜனம் இருக்குற ஸ்டேட், ரக்பி பிள்ளைங்க அங்கதான் ஜாஸ்தி. 2014-ல சூப்பர் ரக்பிங்கற யூனியன் போட்டி ஃபைனல்ல நியூசிலாந்து க்ரூசேடர்ஸை 33-32-னு கடைசி நிமிஷ கிக்ல ஜெயிச்சாங்க, ரெட்ஸும் 2011-ல அதே டீமை 18-13-ல ஜெயிச்சிருக்காங்க, சமமாச்சு. ஆனா 2021-ல வாராட்டாஸ் ஆடுன 13-ம் தோல்வி. 2024-ல கடைசி இடம். 2025-க்கு ஜோசப் சுவாலின்னு லீக் பையனை தூக்குனாங்க, பத்திரிகைல போட்ட கணக்கு வருஷத்துக்கு 16 லட்சம் டாலர், கூட டுபோ, மூடுன ரெபெல்ஸ்ல இருந்து ஆண்ட்ரூ கெல்லவே, இத்தனைக்கும் அடுத்த சுற்றுக்கு போற முதல் ஆறு டீம்ல வரல. ரெட்ஸ் வந்துச்சு, வந்து குவார்ட்டர் ஃபைனல்ல க்ரூசேடர்ஸ்கிட்ட தோத்துச்சு.

நான் அன்னைக்கு ஸ்மோகோல நம்ம தமிழ் தலைவாஸ் கதையை சொன்னேன். 2022-ல பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தோம், முதல் மேட்ச்லயே முட்டி போயி சீசன் முழுக்க உக்காந்துட்டான், நீங்க டிவியை அணைச்சுட்டு போனீங்களே. அப்புறம் பேர் தெரியாத நரேந்தர்னு பையன் ரெய்டு போயி போயி, தலைவாஸ் முதல் தடவையா செமி ஃபைனல் வரைக்கும் வந்துச்சு. காசு குடுத்து வாங்குன ஒத்த ஆளு டீம் இல்ல, அவன் விழுந்தா எந்திரிச்சு போற பையன் பெஞ்சுல இருக்கானாங்கறதுதான்னு சொன்னேன், அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனாலும் பெரியவர் மேஜையை தட்டுனாரு. சிட்னிக்காரன் ரெண்டு கோடி எத்தனை டாலர்னு கேட்டு சொன்னதும் இவ்ளோதானான்னு சிரிச்சிட்டான், அவன் கிடக்கான்.

எனக்கு என்ன தோணுதுன்னா இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு சொல்லிக்கிறதே வேஸ்ட். ரெட்ஸ்ல வளந்த ஜோர்டன் பெட்டாயா அமெரிக்கா ஃபுட்பாலுக்கு போயி லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸ்ல சேந்துட்டான். வாராட்டாஸ்ல பறந்து ஆடுன மார்க் நவாக்கனிடவாசே லீக்ல சிட்னி ரூஸ்டர்ஸுக்கு போயிட்டான். பிரான்ஸ், ஜப்பான் கிளப்பெல்லாம் எடைக்கு எடை காசு தர்றான். திருடு வெளியில இருந்து நடக்குது, இவங்க பக்கத்து வீட்டு வேலிய பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரெபெல்ஸை மூடுனப்ப மிச்ச நாலு டீமுக்கும் ஆள் பலம் கூடும்னு சந்தோசப்பட்டவங்க ஜாஸ்தி, ஆனா மெல்போர்ன்ல இனிமே ஒரு பையன் எதை பாத்து யூனியன் ஆட வருவான்னு கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல.

சனிக்கிழமை மத்தியானம் இங்க கிளப் மேட்ச் நடக்கும், குளிர்காலம் பூரா. பெரியவர் என்னை கூட்டிட்டு போவாரு, ஒரு பிளாஸ்டிக் சேர், சாசேஜ் வச்ச பிரெட், வேலிக்கு அந்த பக்கம் சின்ன பிள்ளைங்க தனியா ஆடிக்கிட்டிருக்கும். மூணாவது கிரேடு, ரெண்டாவது கிரேடு, அப்புறம் பெரிய மேட்ச். அவர் பெரிய மேட்ச்சைவிட மூணாவது கிரேடைத்தான் உத்து பாப்பாரு, 3-ஆம் நம்பர் யாருன்னு நோட்டுல எழுதி வச்சுக்குவாரு. அங்க போனா எனக்கு நம்ம ஊரு பொங்கல் டோர்னமென்ட் ஞாபகம் வரும், வெளியூர் ஆளை இறக்கிட்டான்னு ராத்திரி 12 மணிக்கு ரேஷன் கார்டு கேட்டு நடக்குமே சண்டை, அதெல்லாம் பெரியவருக்கு சொல்லியிருக்கேன்.

அதுல ஒரு விஷயம் அவர் உங்ககிட்ட கேக்க சொன்னாரு. நீங்க கேப்டனா இருந்தப்ப மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு ரெய்டரை காசு குடுத்து கூட்டிட்டு வந்து, நம்ம பெரியப்பா மகனை வெளிய உக்கார வச்சீங்கல்ல, அதுக்கப்புறம் அண்ணன் உங்ககூட பேசுனாரா, அடுத்த வருஷம் டீமுக்கு வந்தாரா. அதை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, நான் ஸ்மோகோல போட்டு காட்டி அவங்களுக்கு சொல்றேன். கெட்ட வார்த்தை இல்லாம பேசுங்க, சித்தி பக்கத்துல இருக்குறப்ப ரெக்கார்ட் பண்ணா நல்லது.

அம்மாவுக்கு இந்த மாசம் பணம் 5-ஆம் தேதி வந்துடும். தம்பி படிக்கிறானான்னு பாத்துக்கங்க, ஜெர்சி கேட்டான், அரக்கு கலர்தான் அனுப்புவேன்னு சொல்லிடுங்க, நீலம் கேட்டா பார்சல் கிடையாது.

இப்படிக்கு,
உங்க அன்பு மகன்