முன்கூட்டிச் சொல்லும் ஒப்பந்தத்தில் உள்ள ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏவுகணைப் பரவல் குறித்த தங்கள் தலையங்கம், தொழில்நுட்பத்தைத் தடுப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்தத் தடுப்பு எந்த அளவுக்குப் பலித்தது? குறைந்தது 500 கிலோ எடையை 300 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் ஏவுகணைகளை விற்கக் கூடாது என்று 1987-இல் ஏழு நாடுகள் கூடி எம்.டி.சி.ஆர். என்ற ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை உண்டாக்கின. அப்படியிருந்தும் வட கொரியாவின் நோடாங் ஏவுகணை, பாகிஸ்தானுக்குப் போய் கௌரி என்ற ஏவுகணை ஆனது. இன்னொரு பக்கம், கிரையோஜெனிக் என்ஜின் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் என்ஜின்) வாங்கப் போன இஸ்ரோவுக்கு 1992-இல் அமெரிக்கா இதே காரணத்தைச் சொல்லித் தடை போட்டது. ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் வரும் சிக்கல் இது. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மோட்டாரை வைத்துத்தான் 1989-இல் நம் அக்னி ஏவுகணையே கிளம்பியது.

எங்கள் வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் 2019 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பூஸ்டர் (கிளம்பும்போது உந்துதல் தந்துவிட்டுக் கழன்று விழும் பகுதி) ஒன்றைக் கடலில் கண்டு, படகுகளில் கட்டி இழுத்து வந்தார்கள். அதைப் பார்க்க ஊரே கரையில் திரண்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் மிரளவில்லை. எங்கிருந்து, எதற்காக வந்தது என்று தெரியாத பொருளாக இருந்திருந்தால்?

அதனால்தான் முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 2005-இல் செய்த ஒப்பந்தப்படி, பாலிஸ்டிக் ஏவுகணை, அதாவது உயரே எழும்பி எறிந்த கல்லைப் போல வளைந்து வந்து விழும் ஏவுகணையின் சோதனைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே மற்ற நாட்டுக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் விமானம் போலக் காற்றிலேயே பறந்து போகும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று நம் பக்கமிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரம்மோஸ், பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் போய் விழுந்ததே, அது குரூஸ் ஏவுகணைதான். வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. தவறுதலாக நடந்துவிட்டது என்று நாம் அறிவிக்க 2 நாள் ஆயிற்று. அணுகுண்டு வைத்திருக்கும் இரு நாடுகளுக்கு நடுவே 2 நாள் என்பது எவ்வளவு பயங்கரமான இடைவெளி! தவறுதலாகக் கிளம்புவதை 3 நாள் முன்பே சொல்ல முடியாதுதான். ஆனால் கிளம்பிய நிமிடமே சொல்லியாக வேண்டும் என்று எழுதி வைக்கலாமே?

சரி, இன்றைய பகையில் யார் பேசப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் கொடுத்து வாங்குகின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. குரூஸ் ஏவுகணைகளையும் 2005 ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதைக் கேள்வியாக எழுப்பவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வம்பாகீரப்பாளையம், புதுச்சேரி.