திமிங்கிலத்துக்குக் கீழே என்னைத் தூங்கவிட்டவருக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று தானாகவே எழுந்து வாசல் வரை நடந்துபோய் செய்தித்தாளை எடுத்து வந்தார். இத்தனை மாதம் நாங்கள் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி முறை போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் இருந்தவர்கள், காப்பீட்டுப் படிவங்களோடு எனக்காக மல்லுக்கட்டியவர்கள், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்கள்... பெயர் எழுத ஆரம்பித்தால் யாராவது விடுபட்டுப்போவார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. அண்ணிக்கு மட்டும் தனியாக ஒன்று. "நாளைக்கு மாமாவை நான் பாத்துக்கிறேன், நீ இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது" என்று துரத்தாத குறையாக எனக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தவர் அவர்தான்.

எங்கே போவது? தெரிந்த முகம் எதிர்ப்படாத இடமாக இருந்தால் போதும் என்றிருந்தது. "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படித்தான் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். டைனோசர் கூடத்தில் நிற்க இடமில்லை. கனிமங்கள், பூச்சிகள் என்று சுற்றி வந்தேனே தவிர ஒன்றும் மனதில் ஏறவில்லை. பாடம் செய்த பறவைகளின் நிறம் வெளுத்துவிடக் கூடாதென்று இப்படிப்பட்ட இடங்களில் விளக்கை மங்கலாகத்தான் வைப்பார்கள். அந்த மங்கலும் குளிர்ச்சியும் சேர்ந்து கண் சொருகியது. நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது, பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரியும். அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னை நோக்கி வந்திருக்கிறார். எழுப்பிவிடப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாளாம். அவரோ, பொத்தானை அழுத்தினால் திமிங்கிலப் பாட்டு கேட்கும் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தபோது, உதட்டில் விரலை வைத்துக் காட்டி, முதலில் பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி டீச்சரை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார். கீழே விழுந்த என் கைப்பை அவர் மடியில் இருந்தது.

பதறி எழுந்தேன். "தூங்குங்கம்மா, மூட இன்னும் நேரம் இருக்கு. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். ஏன், என்ன என்று ஒரு கேள்வி இல்லை. நான் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், "டால்பின் எப்படித் தூங்கும் தெரியுமா? மூச்சு விட மேல வந்தாகணுமில்ல, அதனால பாதி மூளைதான் தூங்கும், மீதி முழிச்சிருக்கும். ஒரு கண்ணைத்தான் மூடும். நீங்களும் ரொம்ப நாளா அப்படித்தான் போல" என்றார். மாதக்கணக்கில் கோழித்தூக்கம் தூங்கியவள் நான். அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல எலும்புகளைக் காட்ட ஆரம்பித்தார்.

முன் துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருந்தன, நம்முடையதைவிட அதிகக் கணுக்களோடு. வால் பக்கம், முதுகெலும்போடு ஒட்டாமல் இரண்டு சின்ன எலும்புகள் கம்பியில் தனியாகத் தொங்கின. "மாட்டும்போது மிஞ்சிப்போச்சான்னு கேக்காத ஆளே இல்ல" என்று சிரித்தார். இடுப்பெலும்பாம். திமிங்கிலத்தின் மூதாதைகள் தரையில் நடந்தவை. பின்னங்கால் போய்விட்டது, இடுப்பு மட்டும் சுருங்கி உடம்புக்குள் கிடக்கிறது. வேலையற்ற எலும்பு என்றுதான் பள்ளியில் படித்தேன். அப்படியில்லை, இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதைப் பற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பிறகு ஒரு முதுகெலும்பின் அடியில் பழுப்பாக மினுங்கிய திட்டைக் காட்டினார். எண்ணெய். "தொடைச்சாலும் கசிஞ்சுகிட்டேதான் இருக்கும்."

வந்து தேடிப் படித்தேன். 1998-இல் கப்பல் மோதி இறந்த ஒரு இளம் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. மாட்டிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் எண்ணெய் சொட்டியதால் அதைப் பிடிக்கத் தனியாக ஏற்பாடே செய்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் தவிர வேறெதையும் படிக்காமல் இருந்த எனக்கு, ஆசைப்பட்டுப் படித்த முதல் விஷயம் இதுதான். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அந்த இடுப்பெலும்பை நானும் பாக்கணுமே" என்றார். சக்கர நாற்காலியில் கூட்டிப்போக முடியுமா என்று விசாரித்திருக்கிறேன்.

அந்தப் பெரியவர் இதைப் படிப்பாரா, தெரியாது. சட்டையில் பெயர் குத்தியிருந்தார். அவரைக் கேட்காமல் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஐயா, நன்றி.

நோயாளியை எல்லோரும் விசாரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் தூங்கினாரா என்று கேட்பவர்கள் குறைவு. இனி நான் கேட்பேன். உங்களில் யாராவது வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் ஒரு நாளை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டு வாருங்கள். எந்த வேளைக்கு எந்த மருந்து என்று எழுதி வைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்