நம் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25: பெட்டிக் கப்பலிலிருந்து தோணிக்கு

அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, கப்பல் மாதிரிகள் கட்டும் நம் சங்கத்தில் நடந்ததைச் செயலாளர் என்ற முறையில் சொல்கிறேன். தேதிவாரியாக எல்லாக் கூட்டத்தையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், மினிட்ஸ் நோட்டு அலமாரியில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியம் என்று பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெள்ளத்தில் நனைந்த மாதிரிக் கப்பல்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, கீழ்த்தட்டில் இருந்த மூன்று மாதிரிகள் இரண்டு நாள் அதிலேயே கிடந்தன. அதில் ஒன்று பொருளாளர் அண்ணாச்சி நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்த ‘கட்டி சார்க்’ (Cutty Sark) என்ற பாய்க்கப்பல். அசல் கப்பல் 1869ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டியது, இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அடித்தது, 2007ல் தீப்பிடித்தும் பிழைத்து இன்றைக்கும் கிரீனிச்சில் நிற்கிறது. அண்ணாச்சியின் கப்பலுக்கு வந்த சோதனை தண்ணீரால். சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டிய பலகைகள் ஊறி, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது கயிறுதான். பருத்தி நூல் நனைந்தால் சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பென்சில் முனை கனமுள்ள உச்சிப் பாய்மரத்தை அது வில் மாதிரி வளைத்துவிடும் என்று நான் நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அண்ணாச்சி மனம் தளரவில்லை. நூலை எல்லாம் வெட்டி எடுத்து, பலகைகளைக் கழற்றி நம்பர் போட்டு, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே புத்தகம் ஏற்றி நிழலிலேயே காயவிட்டார். வெயிலில் வைத்திருந்தால் மொத்தமும் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து, தண்ணீர் தாங்கும் பசை வாங்கித் திரும்ப ஒட்டி, பாலியஸ்டர் நூலை டீத்தண்ணீரில் போட்டுப் பார்த்துச் சாயம் ஏறாததால் கடையில் பழுப்பு நூலே தேடி வாங்கி, தேன்மெழுகில் இழுத்துக் கட்டினார். போன நவம்பரில் கப்பல் முடிந்தது. மற்ற இரண்டும் தேறவில்லை.

அதிலிருந்து ஒரு முடிவு எடுத்தோம்: எந்த மாதிரியும் இனிமேல் தரையிலிருந்து நாலடிக்குக் கீழே இருக்கக் கூடாது. அலமாரிக்கு ஆன செலவு கணக்கில் இருக்கிறது.

சரி, இந்த வருஷத்தின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக நாம் கட்டியதெல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் கப்பல்தான். லேசரில் வெட்டிய சட்டம், சீவி வைத்த வால்நட் பலகை, பித்தளைப் பீரங்கி, கூடவே ஒரு வரைபடம். அதில் தப்பில்லை, நான் இந்தக் கைவேலையைக் கற்றதே அப்படித்தான். ஆனால் நாங்கள் சேர்ந்து ஆர்டர் செய்த ஒரு பெட்டி ஒரு கூரியர்காரரிடம் ஏழு வாரம் மாட்டிக்கொண்டு, வந்து பிரித்தபோது பலகை பாதிக்கு மேல் ஒடிந்திருந்தது, வரியும் கட்டியாயிற்று, பணமும் திரும்பவில்லை. அந்தக் கடுப்பில் கூடிய ஜூலைக் கூட்டத்தில்தான் நம் வாத்தியார் டிரிங்கோமலி என்ற கப்பலின் கதையைச் சொன்னார். வராதவர்களுக்காகச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன்.

நம் திருகோணமலையின் பேர் வைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. ஓக் மரத் தட்டுப்பாட்டால் மலபார் தேக்கில் கட்டச் சொல்லி பம்பாயில் வாடியா குடும்பத்திடம் கொடுத்தார்கள். லண்டனிலிருந்து அதன் வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள், அந்த ஜாவா 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரத்தில் அமெரிக்கக் கப்பலிடம் தோற்று அழிந்துவிட்டது, வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி ஒரு பிரதி வந்து சேர்ந்து, வேலை தொடங்கி, கப்பல் கடலில் இறங்கியது 1817 அக்டோபரில். இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு கப்பலின் வரைபடம் கடலில் போனாலும் இன்னொரு பிரதி லண்டனில் இருந்தது, அதனால் கப்பல் பிறந்தது. வாத்தியார் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டார், நம்ம தோணிக்கு வரைபடம் எங்கே இருக்கிறது என்று.

யாரிடமும் பதில் இல்லை. முன்பு சிலர் வரைந்திருக்கிறார்கள்தான். திருகோணமலைக் கப்பல்தளத்தில் தலைமைத் தச்சராக இருந்த ஜான் எடை (John Edye) என்ற ஆங்கிலேயர் 1834ல் சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் மரக்கலங்களைப் பற்றி எழுதி அச்சிட்டார், அதில் தட்டையான அடி உள்ள, சுமார் எழுபது அடி நீளத் தோணி வருகிறது. பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி நம் கரைப் படகுகளை அளந்து வரைந்து 1840களில் வெளியிட்டார், பிற்பாடு பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அவற்றை மாதிரிகளாகவும் செய்ய வைத்தார். ஆனால் இங்கே கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய் வந்த நம் காலத்துத் தோணி அதைவிடப் பெரியது, உருவமும் வேறு. அதைக் கட்டும் ஓடாவிகள் (படகுத் தச்சர்கள்) காகிதம் வைத்துக்கொள்வதில்லை. அளவெல்லாம் கையிலும் கண்ணிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தோம். பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு தோணியை அளக்க உரிமையாளர் அனுமதி கொடுத்தார், அவருக்கு நன்றி. எட்டு ஞாயிறு போனோம். தூக்குக்குண்டு, டேப், ஒரு நீளச் சட்டம், அவ்வளவுதான் கருவி. ஏரா என்ற அடிமரத்தின் நீளத்தில் நாலடிக்கு ஒரு இடம் என்று சுண்ணாம்பில் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் அடியிலிருந்து மேல்வரை ஓரடிக்கு ஒரு முறை பலகை எவ்வளவு வெளியே வருகிறது என்று எழுதினோம். நீளம் 96 அடி வந்தது. மாதிரியை 1:48, அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் கட்டினால் சரியாக இரண்டடி, மேசையில் வைக்க நல்ல அளவு.

அங்கே வேலை செய்த ஓடாவி ஐயாவிடம் நாங்கள் கற்றது இந்த அளவுகளைவிடப் பெரிது. ஏரா, வங்கு (வளைந்த சட்டம்), அணியம் (முன்பக்கம்), பருமல் (பாய் கட்டும் குறுக்குமரம்), ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு), தாமான் (பாயை இழுத்துக் கட்டும் கயிறு) என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பேர் இருக்கிறது, நாம் இத்தனை நாளும் கீல், ஃபிரேம், யார்டு என்றே பேசிக்கொண்டிருந்தோம். வங்குக்கு நாட்டுக்கருவேல மரத்தில் இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பதை, பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து ஏற்றிக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலையை, எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் மாதிரிகளில் பலகை ஓரத்தில் பென்சில் தேய்த்து ஒட்டினால் அந்தக் கலப்பத்துக் கோடு கிடைக்கும், ஆனால் இப்போது அந்தக் கோட்டைப் போடும்போது எனக்கு அந்த உளிச்சத்தம் கேட்கிறது.

ஜனவரியில் வங்கு எல்லாம் நிறுத்தி முடித்து, பலகை ஒட்டுவதற்கு முன்னால் ஓடாவி ஐயாவை அறைக்கு அழைத்து வந்தோம். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. அணியத்திலிருந்து பின்பக்கம் வரை கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார், ஒன்பதாவது வங்கில் நிறுத்தி, "இது தூக்கி நிக்குது" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய மூங்கில் சிம்பை வளைத்துப் பிடித்து அந்தப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், எட்டாவதிலும் பத்தாவதிலும் சிம்பின் கீழே கீற்று மாதிரி வெளிச்சம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒன்பதாவதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம், வெளிச்சம் மறைந்தது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேர்ட்ரீ, பாக்ஸ்வுட் மாதிரி வெளிநாட்டு மரங்களை வாங்கிக் கட்டுப்படியாகாது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசல் பட்டறை ஒன்றிலிருந்து மஞ்சக்கடம்புத் துண்டுகளை உறுப்பினர் ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்தார். நெருக்கமான இழை, பிளக்காமல் மெல்லிசாகச் சீவ வருகிறது, ஒரு மில்லிமீட்டர் துளை போட்டாலும் ஓரம் உடையவில்லை. கப்பிகள் எல்லாம் இனி இதில்தான். பலகைக்கு வேம்பு முயற்சி செய்தோம், வெந்நீரில் ஊறவைத்துச் சோல்டரிங் அயர்னில் வளைத்தால் வளைகிறது, ஆனால் துண்டுக்குத் துண்டு குணம் மாறுகிறது, நாலில் ஒன்று ஒடிகிறது. மூங்கில் பல்குச்சியைச் சீவி ஆணியாக அடித்தது நன்றாக வந்தது.

மே மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தோம், மலைவேம்புத் துண்டில் கட்டுமரம். மரங்களைச் சமமாக அடுக்கிக் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், கடலுக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "நடுமரம் தாழ இருக்கணும் சார், ஓரமரம் ஏறி நிக்கணும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு அவனையே சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.

பனிமய மாதா திருவிழாவை ஒட்டி ஆகஸ்ட் முதல் வாரம் கண்காட்சி வைத்தோம், கூட்டம் நன்றாக வந்தது. உறுப்பினர் இப்போது 23 பேர், புதிதாக ஐந்து பேர், அதில் இரண்டு பெண்கள். சந்தா பழைய 600 ரூபாய்தான், நாலு பேர் இன்னும் தர வேண்டும். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

அடுத்த வருஷத்துக்கு நான் முன்வைக்கும் வேலை அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் 1930ல் வேப்பமரத்தில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார், 1937ல் வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக் கிளம்பி, 1938 ஆகஸ்ட் 1ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் கிளவுஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1:48ல் 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். இதற்குப் பழைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் உருவம் எடுக்க வேண்டும், தோணியை அளந்த அனுபவம் அங்கே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் தோணியை முடிக்க வேண்டும், அங்கேதான் உங்கள் உதவி தேவை. நாங்கள் அளந்த தோணி என்ஜினில் ஓடுவது. பாயில் ஓடிய காலத்தில் பருமல் எவ்வளவு நீளம், தாமானை எங்கே கட்டினார்கள் என்பதைத் தண்டையலாகவோ (தோணித் தலைவராகவோ) மாலுமியாகவோ போன பெரியவர்கள்தான் சொல்ல முடியும். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம். பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள், அங்கேயே படம் பிடித்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம். அடுத்த கூட்டம் வழக்கம்போல மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. அன்றைக்கு முதல் பலகை ஒட்டுகிறோம், ஓடாவி ஐயாவும் வருகிறார்.

இப்படிக்கு,
செயலாளர்