ஸ்டீல் கியர் வாங்கப் போகிறவர்களுக்கு

நண்பர்களே, 1/5 அளவு ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) வண்டிக்கு ஸ்டீல் கியர் ஆர்டர் செய்யும் முன், பினியனும் (மோட்டாரில் இருக்கும் சின்ன கியர்) ஸ்பரும் (அது சுற்றிவிடும் பெரிய கியர்) ஒரே மாட்யூலா, அதாவது ஒரே பல் அளவா என்று பாருங்கள். மாட் 1 பினியன் மாட் 1.5 ஸ்பரோடு சேரவே சேராது. பொருத்தும்போது பற்களுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து மோட்டாரை நெருக்கி இறுக்குங்கள், பிறகு அதை உருவிவிடுங்கள். ஸ்பரை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றும்போது எங்கும் பிடிக்காவிட்டால் சரி. பினியன் திருகுக்கு த்ரெட்லாக் (திருகு கழன்றுவிடாமல் பிடிக்கும் பசை) கட்டாயம்.

எல்லாவற்றையும் ஸ்டீலாக்கினால் உடைவது நின்றுவிடாது. அடி அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும், பெரும்பாலும் டிஃப் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்) அல்லது டிரைவ்ஷாஃப்ட் (விசையைக் கொண்டுபோகும் தண்டு). அதனால் ஸ்லிப்பர் கிளட்ச் (பலத்த அடி வரும்போது கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் கிளட்ச்) இருந்தால் அதை முழுக்க இறுக்காதீர்கள். அப்புறம், மோட்டார் அதிகம் சூடானால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.