சோனார் பயிற்சிக்குத் தூரக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்கால் முதல் கோடியக்கரை வரையிலான கரையில் டால்பினோ திமிங்கலமோ செத்து ஒதுங்கினால், அன்று மாலைக்குள் இரண்டு விளக்கங்கள் கிளம்பிவிடும். கப்பலில் அடிபட்டது என்பது ஒன்று. நீர்மூழ்கியைத் தேட நீருக்குள் ஒலி அனுப்பும் கருவியான கடற்படையின் சோனார் கொன்றுவிட்டது என்பது, வாட்ஸ்அப் புண்ணியத்தில் இப்போது பரவும் இன்னொன்று. இரண்டையும் மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஏனென்றால் அதற்குள் ஜேசிபி வந்து குழி தோண்டிப் புதைத்திருக்கும்.

எல்லாப் பழியையும் சோனார் மேல் போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, கல்லாமொழி பக்கம் 80க்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. சோனார்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதே மணப்பாட்டில் 1973 ஜனவரியிலும் இதே இனத்தில் 147 ஒதுங்கியிருக்கின்றன. கூட்டம் கூட்டமாகத் திரியும் இனம் அது. ஒன்று கரையேறினால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை.

ஆனால் சோனாரின் பங்கு உறுதியான சம்பவங்களும் உண்டு. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றரை நாளுக்குள் 17 கடல் பாலூட்டிகள் ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டு மீன்வளத் துறையும் சேர்ந்து அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையே, போர்க்கப்பல்களின் நடுத்தர அதிர்வெண் (3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில்) சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்று ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்த வேளையில் 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் ரத்தநாளங்களில் வாயுக் குமிழிகளையும் கொழுப்புத் துணுக்குகளையும் கண்டார்கள். அலகுத் திமிங்கலம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சடக்கும் விலங்கு. மிரண்டுபோய் வழக்கமான முறையை விட்டு முக்குளித்தாலோ மேலேறினாலோ, காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குபவர் அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி உண்டாகுமே, அதுவே அதற்கும் ஆகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சத்தம் காதைக் கிழித்துக் கொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த இனத்தைப் பொறுத்தவரை அது உண்டாக்கும் மிரட்சிதான் பெரிய எமன்.

மிரள்வதற்குப் பெரிய சத்தம் தேவையில்லை என்பதில்தான் விதிகள் கோட்டை விடுகின்றன. பஹாமாஸில் இயங்கிய வகை சோனார், 1 மீட்டர் தூரத்தில் 235 டெசிபெல். இது நீருக்கான அளவு. காற்றில் கேட்கும் சத்தத்தோடு ஒப்பிட சுமார் 62ஐக் கழிக்க வேண்டும், அப்படியும் 173 வருகிறது. அமெரிக்கக் கடற்படையின் வழக்கமான விதி இது: மேல்தட்டில் ஆள் நின்று கண்காணிக்க வேண்டும், 1,000 கெஜத்துக்குள் விலங்கு தெரிந்தால் ஒலியை 6 டெசிபெல் குறைக்க வேண்டும், 500 கெஜத்தில் 10 டெசிபெல், 200 கெஜத்தில் நிறுத்திவிட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் சாயம் வெளுக்கும். 6 டெசிபெல் குறைப்பது என்றால், விலங்கு இப்போதிருப்பதைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி இருப்பதற்குச் சமம், அவ்வளவுதான். அலகுத் திமிங்கலம் மிரளும் அளவாக அந்நாட்டு ஒழுங்குமுறையே 140 டெசிபெல்லைக் கணக்கில் கொண்டதுண்டு. சோதனைகளில் அதற்கும் கீழே இரை தேடுவதை நிறுத்தியிருக்கின்றன. 235 என்பது 140 ஆகக் குறைய, ஒலி எல்லாத் திசையிலும் விரிவதையும் கடல்நீர் உறிஞ்சுவதையும் சேர்த்தால், 30 கிலோமீட்டர் வாக்கில் ஆகும். கண்காணிப்பவர் பார்ப்பதோ 1 கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் பகலில், அலைத்தலை வெளுக்காத நாளில், விலங்கு மேலே வந்து மூச்சுவிடும் அந்தச் சில நொடிகளில்.

அதனால் எங்கள் கருத்தில் உருப்படியான விதி வரைபடத்தில் கோடு போடுவதுதான். ஸ்பெயின் அதைச் செய்தது. கேனரி தீவுகளைச் சுற்றி 50 கடல்மைலுக்குள் இந்த வகை சோனாரை 2004இல் தடை செய்தது. அதன்பின் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கிய சம்பவம் இல்லை. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் அமைப்புகள் கடற்படை மேல் தொடுத்த வழக்கு வேறு விதமாகப் போனது. கலிபோர்னியா பயிற்சிக்குக் கீழ்க்கோர்ட் விதித்த இரண்டு நிபந்தனைகளை 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2,200 கெஜத்தில் நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. கடலின் மேலடுக்கு ஒலியைப் பொறிபோல் பிடித்து வைத்துக்கொள்ளும் நாட்களில் 6 டெசிபெல் குறைக்க வேண்டும் என்பது மற்றொன்று. பயிற்சி இல்லாமல் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க முடியாது என்ற வாதம் வென்றது. அந்த வாதம் தவறும் அல்ல. ஆனால் பயிற்சி வேண்டும் என்பது வேறு, எந்த இடத்தில் என்பது வேறு. 2015இல் அதே கடற்படை ஹவாய், தெற்குக் கலிபோர்னியாக் கடலில் சில பகுதிகளை விட்டுக்கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

அந்த இரண்டாவது நிபந்தனைக்கும் நம் கடலுக்கும் தொடர்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீர் அதோடு வந்து நம் கடலின் மேலே பரவுகிறது. கொள்ளிடம் முதலான நம் ஆறுகளின் வெள்ளமும் அதில் சேர்கிறது. அந்த மேலடுக்கு கீழுள்ளதைவிடக் குளிர்ந்துவிட்டால் ஒலி கீழே இறங்காமல் மேலேயே வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். பஹாமாஸில் நிலைமையை மோசமாக்கியவற்றில் இப்படிப்பட்ட மேலடுக்கும் ஒன்று. அடைமழைக் காலத்தில் கண்காணிப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆக, ஒலி அதிகத் தூரம் போகும் பருவமும் விலங்கு கண்ணுக்குத் தெரியாத பருவமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

பாக் நீரிணை வேறு கணக்கு. பெரும்பாலும் 15 மீட்டருக்குள் ஆழம். நீர்மூழ்கி வேட்டைக்கு அங்கே வேலையில்லை. சேற்றுத் தரையும் ஒலியைத் தின்றுவிடும். ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கடற்பசு எழுப்பும் கீச்சொலி 3 முதல் 18 கிலோஹெர்ட்ஸ் வரை. சோனாரின் 3 கிலோஹெர்ட்ஸ் அந்த எல்லையைத் தொடுகிறது. அதனால் கோடியக்கரைக்கு வடகிழக்கே திறந்த கடலிலிருந்து நீரிணை வாய்க்குள் எவ்வளவு ஒலி நுழைகிறது என்று அளந்துவிட்டால் போதும். ஆபத்து அதிகமுள்ள இடம் நாகைக்கும் காரைக்காலுக்கும் கிழக்கே தரை சரிந்து ஆழம் தொடங்கும் பகுதி.

நம் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் காற்றில் பரவும் சத்தத்துக்கு மட்டும். கோயில் ஒலிபெருக்கிக்கு வரம்பு உண்டு, கடலுக்குள் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலமும் டால்பினும் கடற்பசுவும் இருக்கின்றன, ஆனால் டெசிபெல் அளவு எதுவும் அதில் இல்லை. 2017இல் சென்னைக்கு அப்பால் இந்திய, அமெரிக்க, ஜப்பானியக் கடற்படைகள் நடத்திய மலபார் கூட்டுப் பயிற்சியில் நீர்மூழ்கி எதிர்ப்பும் ஒரு பகுதி. வந்த அமெரிக்க விருந்தினருக்கு அவர்கள் நாட்டில் 1,000 கெஜ விதியாவது இருக்கிறது.

துப்பாக்கிச் சுடும் பயிற்சி என்றால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு எச்சரிக்கை வருகிறது. மீன்வளத் துறை வழியாக மீனவப் பஞ்சாயத்துக்கும் தெரிகிறது. கடற்படை தனக்குள் வைத்துக்கொள்ளும் சோனார்த் திட்டத்திலும் இரண்டு வரி சேர்ந்தால் போதும்: கண்டத்திட்டு விளிம்பிலிருந்து, அதாவது தரை சரிந்து ஆழம் தொடங்கும் கோட்டிலிருந்து, 30 கிலோமீட்டருக்குள் வேண்டாம், அக்டோபர் முதல் ஜனவரி வரை அந்தத் தூரம் இரு மடங்கு. தேதியை வெளியே சொல்ல வேண்டியதில்லை, ரகசியம் கெடாது. மீனவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் படகிலுள்ள எக்கோ சவுண்டர் இந்தக் கணக்கில் வராது. 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் நேர் கீழே ஒலியைக் குறுகலாக அனுப்பும் சிறு கருவி அது.

கோடு சரியா என்று தெரிய ஆதாரம் வேண்டும். அது கரையில்தான் கிடைக்கும். ஒதுங்கிய உடலைப் புதைக்கும் முன், வனத்துறை முன்னிலையில் கால்நடை மருத்துவர் முதலில் நெஞ்சைத் திறந்து இதயத்தின் நாளங்களில் குமிழி இருக்கிறதா என்று படம் எடுக்க வேண்டும். தலையை முதலில் வெட்டினால் காற்று உள்ளே புகுந்து எல்லாம் பாழ். 24 மணி நேரம் கடந்தால் அழுகல் வாயுவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. நம் சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே கெடும். அடுத்தது காது. டால்பினின் காதெலும்பு மண்டையோட்டோடு ஒட்டியிராமல் தசைநாரில் தொங்குகிறது. கீழ்த்தாடையை எடுத்துவிட்டால் ரம்பம் இல்லாமல் கத்தியாலேயே பிரித்துவிடலாம். கடையில் வாங்கும் ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, காதைப் போல் பத்து மடங்கு அளவில் ஊற்றி மூழ்க வைக்க வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கும்போது இதைச் செய்யாததற்குச் சாக்கு இல்லை.

நீரடி ஒலிப்பதிவுக் கருவி இரண்டு, ஒன்று கோடியக்கரைக்கு வெளியே, ஒன்று நாகைக்குக் கிழக்கே. நொடிக்கு 96,000 மாதிரி வீதம் பதிந்தால் சோனாரும் டால்பின் சீழ்க்கையும் இரண்டும் அகப்படும். இடைவிடாமல் பதிந்தால் நாளைக்கு 16 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். 15 நிமிடத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 128 ஜிகாபைட் அட்டை மூன்று வாரம் வரும். கொட்டலசு ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒரு முறை சுரண்ட வேண்டும். இழுவை மடியில் மாட்டித் தொலையும் என்பதுதான் பெரிய தொல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இறக்கி, இடத்தைப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் முதல் 61 நாள் பதிவாவது பத்திரமாகக் கைக்கு வரும்.

இப்படிக்கு,
கடல் ஒலியியலிலும் மீன்வளத்திலும் பணிபுரியும் வாசகர்கள்,
நாகப்பட்டினம்.