பிப்ரவரி 29-ஐ மார்ச் 1 ஆக்கிய உங்கள் மென்பொருள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பழைய தேதிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடுவது குறித்து

ஐயா,

வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னைக் கோட்டைக் கடிதங்களுக்கு அட்டவணை போடும் சிறிய குழு எங்களுடையது. மூன்று வருடமாக உங்கள் தரவுத்தள மென்பொருளை நம்பித்தான் வேலை செய்கிறோம்.

போன வாரம் ஒரு கடிதத்தைச் சரிபார்த்தோம். அதன் தலையில் 'பிப்ரவரி 29, 1699/1700' என்று தெளிவாக இருக்கிறது. அன்றைய ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ல்தான் வருடம் பிறக்கும், அதனால் இரண்டு வருடத்தையும் எழுதுவார்கள். நாங்கள் 1700 என்று பதிந்திருந்தோம். திரையில் மார்ச் 1 என்று நிற்கிறது! எச்சரிக்கையாக ஒரு வரிகூட வரவில்லை.

இன்றைய கிரெகோரியன் காலண்டரில் 1700 லீப் வருடம் இல்லை, சரி. ஆனால் ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் 2 வரை, நான்கு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் லீப் வருடம் வரும் பழைய ஜூலியன் காலண்டரில்தான் இருந்தார்கள்; மறுநாளைத்தான் செப்டம்பர் 14 என்று எழுதினார்கள். ஜூலியனில் 1700-க்கு பிப்ரவரி 29 உண்டு. இன்றைய கணக்கில் அது மார்ச் 11. உங்கள் மார்ச் 1 எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்று. 1746-ல் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, அப்போதே கிரெகோரியனில் இருந்த பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரு தரப்புக் கடிதங்களையும் தேதிப்படி அடுக்கினால், கோட்டை முதலில் விழுகிறது, பிரெஞ்சுக் கப்பல்கள் அப்புறம் வந்து சேர்கின்றன. இதை வைத்து ஒரு மாணவர் ஆய்வு எழுதினால் என்ன ஆகும்?

உங்கள் உதவிப் பிரிவில் கேட்டால், "தேதியை எழுத்தாகப் பதிந்துகொள்ளுங்கள்" என்கிறார்கள். எழுத்தாகப் பதிந்தால் வரிசைப்படுத்த முடியாது, இரண்டு கடிதங்களுக்கு நடுவே எத்தனை நாள் என்று கேட்க முடியாது. அதற்குத்தானே பணம் கட்டி வாங்கினோம்?

ஒவ்வொரு தேதியோடும் அது எந்தக் காலண்டர் என்று குறிக்க இடம் கொடுங்கள். உள்ளே தொடர் நாள் எண்ணாக (ஒரு தொடக்க நாளிலிருந்து இடைவெளியின்றி எண்ணிய எண்ணாக) வைத்து, கேட்கும் காலண்டரில் காட்டுங்கள். புரியாத தேதி வந்தால் ஏற்காமல் நிறுத்துங்கள். நீங்களாக வேறு நாளுக்குத் தள்ளாதீர்கள். இதுவரை அப்படித் தள்ளப்பட்ட பதிவுகள் எவை என்ற பட்டியல் எங்களுக்கு உடனே வேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு கடிதத்தையும் மூலத்தோடு திரும்ப ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆவண அட்டவணைக் குழுப் பொறுப்பாளர்